பூனைக்கும் பல் துலக்க வேண்டுமா?

உங்கள் வீட்டுப் பூனை கொட்டாவி விடும்போது அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அடுத்த முறை பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாகவும் பற்கள் வெண்மையாகவும் இருந்தால் மகிழ்ச்சி. பல்லும் ஈறும் சேரும் இடத்தில் செந்நிறக் கோடு ஒன்று ஓடினாலோ, கடைவாய்ப் பற்களில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஏதேனும் ஒட்டியிருந்தாலோ, குப்பென்று துர்நாற்றம் வீசினாலோ, இக்கட்டுரை உங்களுக்காகத்தான்.

“மீன் தின்ற வாய், நாறத்தானே செய்யும்?” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மீன் நாற்றம் சற்று நேரத்தில் போய்விடும். நாள்தோறும் நீங்காமல் வீசும் நாற்றம் நுண்ணுயிர்களின் வேலை. அது நோயின் முதல் அறிவிப்பு.

முப்பது பற்கள்

பூனைக் குட்டி பிறக்கும்போது அதற்குப் பற்கள் கிடையா. இரண்டு மூன்று வாரங்களில் பாற்பற்கள் முளைக்கத் தொடங்கும். அவை மொத்தம் 26. மூன்றாம் மாதத்திற்கும் ஆறாம் மாதத்திற்கும் இடையில் இவை விழுந்து, நிலையான பற்கள் 30 முளைக்கின்றன. முன்னே அரிசி போன்ற வெட்டுப்பற்கள் 12. நீண்டு கூர்மையான கோரைப்பற்கள் 4. முன்கடைவாய்ப் பற்கள் 10. பின்கடைவாய்ப் பற்கள் 4. கூட்டிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும்.

நம் கடைவாய்ப் பற்கள் அம்மிக்கல்லைப் போன்றவை. உணவை அரைப்பதற்கு ஏற்றவை. பூனையின் கடைவாய்ப் பற்களோ கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போன்றவை. மேல்தாடையின் பெரிய பல் ஒன்று கீழ்த்தாடைப் பல்லை உரசியபடி இறங்கி, இறைச்சியைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. பூனை தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அரைப்பதில்லை, நறுக்கி விழுங்கிவிடுகிறது.

இதனால் பூனைக்கு ஒரு நன்மை உண்டு. நம் கடைவாய்ப் பற்களின் பள்ளங்களில் இனிப்பும் மாவும் தங்கிச் சொத்தை உண்டாக்குகின்றன. பூனையின் பல்லில் அத்தகைய பள்ளங்கள் இல்லை. அதன் உமிழ்நீரும் நம்முடையதைவிடக் காரத்தன்மை மிக்கது. ஆகவே நமக்கு வருவது போன்ற பற்சொத்தை பூனைக்கு வருவதில்லை எனலாம். (பூனையால் இனிப்புச் சுவையை உணரவே முடியாது, அதற்குரிய மரபணு அதன் உடலில் செயலிழந்து கிடக்கிறது என்பதை 2005-ஆம் ஆண்டு அறிவியலார் கண்டறிந்தனர்.)

ஆனால் ஒரு பக்கம் நன்மை செய்யும் அதே காரத்தன்மை மறுபக்கம் தீமை செய்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

படலமும் காரையும்

1683-ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டில் லீவன்ஹூக் என்ற துணி வணிகர் தம் பற்களின் இடுக்கிலிருந்த வெண்மையான அழுக்கைச் சுரண்டி, தாமே செய்த உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். எண்ணற்ற நுண்ணிய உயிர்கள் அங்கே துள்ளித் திரிவதைக் கண்டு வியந்தார். மனித வாயில் வாழும் பாக்டீரியாக்களை மனிதன் கண்ணால் கண்டது அப்போதுதான்.

அந்த வெண்மையான அழுக்கைத்தான் இன்று பற்படலம் என்கிறோம். சுத்தமாகத் துலக்கிய பல்லின்மீது சில மணி நேரத்திலேயே உமிழ்நீரின் புரதங்கள் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. பாக்டீரியாக்கள் அதன்மீது வந்து ஒட்டுகின்றன, பெருகுகின்றன, பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து, அதற்குள் குடியிருப்பு அமைத்துக்கொள்கின்றன. குளத்துப் படிக்கட்டில் வழுக்கும் பாசியை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் ஊற்றிக் கழுவினால் பாசி போவதில்லை, தேய்த்தால்தான் போகும். பற்படலமும் அப்படியே.

தேய்க்காமல் விட்டால் என்ன ஆகும்? சிட்லபாக்கம், சேலையூர், செம்பாக்கம் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரைப் புழங்குபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்பு மிகுந்த நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியிலும், குளியலறைக் குழாயின் வாயிலும் வெள்ளையாகக் கல் போல் ஒன்று படிகிறதல்லவா? முதல் நாளில் துணியால் துடைத்தால் போய்விடும். ஒரு மாதம் கழித்தோ உளி கொண்டு தட்ட வேண்டியிருக்கும். பாத்திரத்தில் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். பல்லில் படிவது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். உமிழ்நீரில் கரைந்துள்ள கால்சிய உப்புகள் பற்படலத்தினுள் படிந்து, அதைச் சில நாட்களிலேயே கெட்டியாக்கிவிடுகின்றன. இதுவே பற்காரை. உமிழ்நீர் காரத்தன்மை உடையதாக இருந்தால் இந்தப் படிவு விரைவாகிறது. பூனைக்குச் சொத்தை வராமல் காக்கும் உமிழ்நீரே காரை படியவும் துணை போவது இவ்வாறுதான்.

இதிலிருந்து வீட்டுப் பராமரிப்பின் அடிப்படை விதி கிடைக்கிறது. படலத்தை நீங்கள் நீக்கலாம். காரையை மருத்துவர்தான் நீக்க முடியும். படலம் காரையாவதற்குள் அதைத் துடைத்துவிட வேண்டும்.

ஈறு எப்படிக் கெடுகிறது?

ஈறு நோய்க்குக் காரணம் பற்படலந்தானா, உடல்நலக் குறைவா, ஊட்டக்குறைவா என்று மருத்துவர்கள் நெடுங்காலம் வாதிட்டு வந்தனர். டென்மார்க் நாட்டின் ஆர்ஹுஸ் நகரில் ஹெரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞர் 1965-இல் ஓர் எளிய சோதனை மூலம் விடை கண்டார். ஈறு நலமாக இருந்த சிலரை அவர் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். பத்து முதல் இருபத்தொரு நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. பின்னர் மீண்டும் துலக்கச் சொன்னார். ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. மருந்தில்லை, மாத்திரையில்லை, படலம் நீங்கியது, அழற்சியும் நீங்கியது.

பூனையின் வாயிலும் இதே கதைதான் நடக்கிறது. படலத்திலுள்ள பாக்டீரியாக்களின் கழிவுகள் ஈறை உறுத்துகின்றன. உடல் வெள்ளணுக்களை அனுப்பிப் போரிடுகிறது. போர் நடக்கும் இடம் சிவக்கிறது, வீங்குகிறது. இது ஈறு அழற்சி. இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் முழுவதும் குணமாகும்.

விட்டுவிட்டால் ஈறு பல்லைவிட்டு விலகிச் சிறு பை போன்ற பள்ளம் உண்டாகிறது. காற்று எட்டாத அந்தப் பள்ளத்தில் வேறு வகைப் பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. பல்லைப் பிடித்து நிறுத்தும் நாரும் எலும்பும் கரையத் தொடங்குகின்றன, பல் ஆடுகிறது, விழுகிறது. ஒருமுறை கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளர்வதில்லை. ஈறு அழற்சிக்கும் எலும்பு கரைவதற்கும் இடையே உள்ள கோடு இதுதான். இந்தக் கோட்டுக்கு இப்பால் நிற்பதற்காகவே துலக்குகிறோம்.

தேயிலைத் தோட்டம் கற்பித்த பாடம்

“பக்கத்து வீட்டுப் பூனைக்கு யாரும் பல் துலக்குவதில்லை. பன்னிரண்டு வயதாகியும் அது நன்றாகத்தான் இருக்கிறது” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கிடைக்கிறது.

அதே ஹெரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1970-இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் பணிபுரிந்த 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தனர். பல் துலக்கும் வழக்கமும் பல் மருத்துவ வசதியும் அவர்களுக்கு இல்லை. எல்லார் வாயிலும் படலமும் காரையும் மண்டியிருந்தன. எல்லார் ஈறும் அழன்றிருந்தன. 1985 வரை மீண்டும் மீண்டும் பரிசோதித்தபோது தெரிந்தது என்ன? ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு நோய் மிக விரைவாக முற்றிப் பற்கள் பல விழுந்தன. 81 விழுக்காட்டினருக்கு நடுத்தர வேகத்தில் முற்றியது. 11 விழுக்காட்டினருக்கோ ஈறு அழற்சியோடு நின்றுவிட்டது, எலும்பு கரையவில்லை.

படலம் எல்லாருக்கும் ஒன்றே. உடல் அதை எதிர்கொள்ளும் விதம் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. பூனைகளிலும் இந்த வேறுபாடு உண்டு. பக்கத்து வீட்டுப் பூனை அந்த அதிருஷ்டசாலிகளில் ஒன்றாக இருக்கலாம். உங்கள் பூனை எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதை முன்கூட்டியே அறிய வழியில்லை. தெரிந்துகொள்வதற்குள் பல் போய்விடும்.

எலியும் பல்லியும் பிடித்துத் தின்னும் பூனைக்குப் பல் தானே சுத்தமாகிவிடும் என்ற எண்ணமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் வேட்டையாடி வாழ்ந்த பூனைகளையும் வீட்டுப் பூனைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 1998-இல் வெளியாயிற்று. வேட்டைப் பூனைகளின் பல்லில் காரை குறைவாகத்தான் இருந்தது. ஆனால் ஈறு நோயில் இரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. காரை கண்ணுக்குத் தெரிவது. ஈறுக்கடியில் நடப்பது கண்ணுக்குத் தெரியாதது. முன்னதைக் கொண்டு பின்னதை முடிவு செய்யக் கூடாது.

வீட்டில் துலக்கும் முறை

“பூனையாவது, வாயைக் காட்டுவதாவது!” என்று சிரிக்காதீர்கள். பொறுமையாகப் பழக்கினால் பெரும்பாலான பூனைகள் இசைகின்றன. ஒரே நாளில் செய்ய முயன்றால்தான் கீறல் கிடைக்கும். குட்டியாக இருக்கும்போதே தொடங்குவது நல்லது. பல் மாறும் மாதங்களில் ஈறு வலிக்கும். அப்போது வாயைத் தொட்டுப் பழக்கினால் போதும், தேய்க்க வேண்டாம்.

முதல் வாரம்: பூனை அமைதியாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். உணவுக்குச் சற்று முன்னர் ஏற்றது. கன்னத்தைத் தடவிக்கொடுங்கள். உப்பும் மசாலாவும் சேர்க்காமல் மீன் வேகவைத்த நீரை விரல் நுனியில் தொட்டு நக்கக் கொடுங்கள். அவ்வளவே.

இரண்டாம் வாரம்: அதே விரலால் உதட்டின் ஓரத்தை மெல்ல உயர்த்தி, பல்லையும் ஈறையும் ஒரு நொடி தொடுங்கள். உடனே விட்டுவிட்டு உணவு கொடுங்கள். தொட்டால் உணவு வரும் என்று பூனை புரிந்துகொள்ளும்.

மூன்றாம் வாரம்: மருந்துக் கடையில் கிடைக்கும் காஸ் துணியையோ, துவைத்த பழைய வேட்டித் துணியையோ ஆட்காட்டி விரலில் சுற்றிக்கொள்ளுங்கள். மீன் நீரில் நனைத்து, பல்லின் வெளிப்புறத்தை ஈறோரமாக இரண்டு மூன்று முறை துடையுங்கள்.

நான்காம் வாரம் முதல்: மிக மெல்லிய இழைகளும் சிறிய தலையும் கொண்ட துலக்கியைப் பயன்படுத்தலாம். பூனைக்கென்று விற்பவை உண்டு. கைக்குழந்தைகளுக்கான சிறு பிரஷும் உதவும். இழைகள் ஈறின் விளிம்பைச் சாய்வாகத் தொடும்படி பிடித்து, சிறு வட்டங்களாகத் தேய்க்க வேண்டும்.

வாயைப் பிளக்க வேண்டியதே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். உதட்டை உயர்த்தினால் போதும். பற்களின் உட்புறத்தைச் சொரசொரப்பான நாக்கு ஓரளவு தேய்த்துக்கொள்கிறது. படலம் மிகுதியாகச் சேர்வது மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் கன்னப்புறத்தில். கவனம் அங்கே இருக்கட்டும். ஒரு பக்கத்திற்கு அரை நிமிடம் தாராளம். பூனை திமிறினால் வற்புறுத்தாமல் விட்டுவிடுங்கள், நாளை இருக்கிறது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? படலம் காரையாக மாற எடுக்கும் காலத்தை நினைத்தால் விடை தெரியும். நாள்தோறும் செய்வது சிறந்தது. ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்தாலும் பயன் உண்டு. மாதம் ஒருமுறை செய்வதால் எந்தப் பயனும் இல்லை.

பூனைகளுக்கென்றே செய்யப்படும் பற்பசை, கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. விழுங்கினாலும் தீங்கு செய்யாதது அது. ஆனால் வேலையில் பெரும்பங்கு பசைக்கு இல்லை, தேய்ப்புக்கே. வெறும் நீரால் தேய்த்தாலும் படலம் நீங்கும்.

ஈறு ஏற்கெனவே சிவந்து வீங்கியிருந்தால் துலக்கத் தொடங்காதீர்கள். வலிக்கும் வாயைத் தேய்த்தால் பூனை அந்தத் துலக்கியை என்றும் மன்னிக்காது. முதலில் மருத்துவரிடம் காட்டிக் குணப்படுத்திய பிறகே பழக்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்தானவை

நமக்கு நல்லது பூனைக்கும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. அன்பினால் செய்யும் தவறுகளே அதிகம்.

நம் பற்பசை வேண்டாம். நாம் கொப்பளித்துத் துப்புகிறோம். பூனைக்குத் துப்பத் தெரியாது, அத்தனையையும் விழுங்கும். அதிலுள்ள புளோரைடும் நுரைக்கும் பொருளும் வயிற்றுக்கு ஆகா. சில பற்பசைகளில் சேர்க்கப்படும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாய்களுக்குக் கொடிய நஞ்சு என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

உப்பு, சாம்பல், கரித்தூள், சமையல் சோடா ஆகியவையும் வேண்டாம். இவை எனாமலைக் கீறும், அல்லது விழுங்கினால் உடலின் உப்புச் சமநிலையைக் கெடுக்கும்.

கிராம்புத் தைலம் வேண்டவே வேண்டாம். பல்வலிக்கு நாம் பஞ்சில் தொட்டு வைக்கும் இத்தைலத்தில் யூஜினால் என்ற பொருள் இருக்கிறது. நம் கல்லீரல் இத்தகைய பொருள்களை ஒருவகைச் சர்க்கரை அமிலத்துடன் இணைத்து, நீரில் கரையச் செய்து, வெளியேற்றிவிடும். அந்த இணைப்பு வேலைக்கான நொதிகளில் முக்கியமான ஒன்று பூனையின் கல்லீரலில் செயல்படுவதில்லை. ஆகவே நமக்கு மருந்தாகும் அளவே பூனைக்கு நஞ்சாகும்.

இதே காரணத்தால்தான் பாரசிட்டமால் பூனையைக் கொல்கிறது. காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் நாம் சாதாரணமாக விழுங்கும் ஒரு மாத்திரையே ஒரு பூனையின் உயிரைப் பறிக்கப் போதும். அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைச் சுமக்க இயலாதபடி மாற்றிவிடுகிறது. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகம் வீங்கும், மூச்சுத் திணறும். பூனைக்குப் பல்வலி என்று தோன்றினால் கால் மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள். தெரியாமல் கொடுத்துவிட்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல், மாத்திரை உறையுடன் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். உரிய நேரத்தில் கொடுத்தால் காப்பாற்ற மாற்று மருந்து உண்டு.

காரையை நகத்தாலோ கத்தியாலோ பெயர்க்க முயல வேண்டாம். எனாமல் கீறும், கீறலில் படலம் இன்னும் விரைவாகச் சேரும். வெந்த முள்ளைக் கடித்தால் பல் சுத்தமாகும் என்று சங்கரா மீன் முள்ளைப் போடுவதும் தவறு. அது தொண்டையில் குத்தும். உலர்ந்த தீனி கொடுத்தால் துலக்க வேண்டாம் என்பதும் முழு உண்மையன்று. சாதாரண உலர்தீனி பல்லின் நுனி பட்டதும் நொறுங்கிவிடுகிறது. ஈறோரம் வரை அது தேய்ப்பதில்லை.

மருத்துவரிடம் எப்போது?

பூனை வலியை மறைக்கும். கத்தாது, அழாது. நீங்கள்தான் குறிப்பறிய வேண்டும். தட்டருகே ஆவலுடன் வந்து, முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறதா? ஒரு பக்கமாகவே மெல்லுகிறதா? உணவு வாயிலிருந்து நழுவுகிறதா? எச்சில் ஒழுகுகிறதா? முன்காலால் வாயைத் தேய்க்கிறதா? உடலை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிட்டதால் மயிர் சடைபிடித்திருக்கிறதா? இவற்றுள் ஒன்று இருந்தாலும் வாயைப் பரிசோதிக்க வேண்டும்.

பூனை ஒரு நாளுக்கு மேல் ஒன்றும் உண்ணாவிட்டால் காத்திருக்காதீர்கள். பட்டினி கிடக்கும் பூனையின் உடற்கொழுப்பு கல்லீரலில் போய்க் குவிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். கொழுத்த பூனைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். பல்வலியில் தொடங்கி உயிரிழப்பில் முடிவது இப்படித்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எவ்வளவு துலக்கினாலும் தடுக்க முடியாத வாய் நோய்களும் பூனைக்கு உண்டு. பல்லின் திசுவை உடலின் செல்களே அரித்துக் கரைக்கும் ஒரு நோய் வயது வந்த பூனைகளில் மிகுதியாகக் காணப்படுகிறது. இதை எக்ஸ்ரே படம் எடுத்தே உறுதி செய்ய முடியும். பாதித்த பல்லைப் பிடுங்குவதே வழக்கமான சிகிச்சை. வாய் முழுதும் புண்ணாகும் கடும் அழற்சியும் உண்டு. ஆகவே துலக்கியும் நோய் வந்துவிட்டதே என்று உங்களை நொந்துகொள்ள வேண்டாம். துலக்குபவர் நாள்தோறும் வாயைப் பார்க்கிறார். எனவே நோயை முன்னதாகவே கண்டுபிடிக்கிறார். அதுவே பெரும் பயன்.

காரையை நீக்க மருத்துவர் பூனைக்கு முழு மயக்க மருந்து கொடுப்பார். அஞ்ச வேண்டாம். ஈறுக்கடியிலும் சுத்தம் செய்தால்தான் பயன். விழித்திருக்கும் பூனை அதற்கு இசையாது. சிட்லபாக்கத்தில் இருப்பவர்கள் அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் முதலில் காட்டலாம். மேற்சிகிச்சை தேவையானால், 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. குரோம்பேட்டையிலோ தாம்பரம் சானட்டோரியத்திலோ மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால் அங்கிருந்து தொலைவில்லை. பூனையை மூடிய கூடையில் வைத்துக் கொண்டுபோங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பழக்கமில்லாத தெருப் பூனையின் வாயைத் திறக்க முயலாதீர்கள். வளர்க்கும் பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுவிடுங்கள். எந்தப் பூனை கடித்தாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பூனையின் கோரைப்பல் ஊசி போன்றது. காயம் சிறிதாகத் தெரிந்தாலும் ஆழம் அதிகம், சீழ் பிடிக்கும்.

செலவு என்று பார்த்தால் ஒரு முழத் துணியும் சிறிது நீரும் நாளுக்கு ஒரு நிமிடமுந்தான். பூனை பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக் கூடிய பிராணி. அத்தனை ஆண்டுகளும் அது வலியின்றி உண்ண வேண்டுமானால், இன்று மாலை அதன் கன்னத்தைத் தடவிக்கொடுப்பதில் தொடங்குங்கள்.